இருநூற்றுப் பதினைந்தாவது தோல்வி

கருப்பு பெல்ட்டைத் திருப்பிக் கேட்டு வந்த கடிதத்தை இரும்புக்கால் மூன்று முறை படித்தார். முதல் முறை, யாரோ ரசிகர் விளையாடுகிறார் என்று நினைத்தார். இரண்டாம் முறை முத்திரையைப் பார்த்தார். கராத்தே சம்மேளனத்தின் முத்திரைதான். வழக்கம்போலத் தலைகீழாகக் குத்தியிருந்தார்கள், ஆகவே சந்தேகத்துக்கே இடமில்லை. மூன்றாம் முறை மனைவிக்காகச் சத்தமாகப் படித்தார்.

“தாங்கள் கடந்த இருபத்தாறு ஆண்டுகளில், பலர் பார்க்க, இருநூற்றுப் பதினான்கு முறை தோற்றிருப்பது சம்மேளனத்தின் கவனத்துக்கு வந்துள்ளது. கருப்பு பெல்ட் அணிந்தவர் இத்தனை முறை உதை வாங்குவது பெல்ட்டின் கௌரவத்துக்கு உகந்ததல்ல. அதை ஏன் திரும்பப் பெறக் கூடாது என்பதற்குப் பதினைந்து நாட்களுக்குள் விளக்கம் தரவும். தோல்விகளின் பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது.”

பட்டியலை இணைக்க மறந்திருந்தார்கள்.

“நான் எங்கே தோத்தேன்?” என்றார் இரும்புக்கால்.

“படத்துல வாங்கின அடியைச் சொல்றாங்க போல,” என்றாள் மனைவி, தலையைத் தூக்காமல். துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“அது நடிப்பு இல்லையா?”

“எனக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியணுமே.”

இரும்புக்காலின் கதை ஊரறிந்ததுதான் என்றாலும் கொஞ்சம் சொல்லிவிடுவது நல்லது. லிஃப்ட் பழுதுபார்ப்பவரின் மகன். இருபது வயதில் தேசியச் சாம்பியன். இறுதிச் சுற்றில் அவரிடம் உதை வாங்கியவன் கூடவே பயிற்சி எடுத்த நண்பன். பிறகு அவன் தங்கையைத்தான் இவர் கட்டிக்கொண்டார். ஆக, எதிராளியே மச்சானாகிவிட்டான். சாம்பியன் கோப்பையைச் சம்மேளனம் அவர் கையில் கொடுத்துப் புகைப்படம் எடுத்துவிட்டு உடனே திருப்பி வாங்கிக்கொண்டது. மறுநாள் பெண்கள் பிரிவுக்கும் அதே கோப்பைதான்.

சாம்பியன் பட்டத்தை வைத்துக்கொண்டு எட்டு மாதம் வேலை தேடினார். கடைசியில் ஒரு சண்டை மாஸ்டர்தான் சேர்த்துக்கொண்டார், அதுவும் உதைக்காக அல்ல. “அடிக்கத் தெரிஞ்சவன் தெருவுக்கு நாலு பேர் இருக்கான். உனக்கு விழத் தெரிஞ்சிருக்கு, வா,” என்றார். சினிமாச் சண்டையின் முழு ரகசியமும் அதுதான். குத்து முகத்துக்கு ஒரு சாண் முன்னாலேயே நின்றுவிடும். மீதி ஒரு சாணை வாங்குகிறவன்தான் நிரப்ப வேண்டும். கழுத்து திரும்ப வேண்டும், எச்சில் தெறிக்க வேண்டும், உடம்பு மேசை மேல் போய் விழ வேண்டும். வாங்குகிறவன் சரியாக வாங்கினால் நோஞ்சானும் பீமன்தான். வாங்காமல் சும்மா நின்றுவிட்டால், அடித்தவன் காற்றில் கையை நீட்டிக்கொண்டு பஸ்ஸை நிறுத்துகிறவன் மாதிரி நிற்பான்.

ஒன்பது ஆண்டுகள் பிறர் பெயர் வாங்குவதற்காக விழுந்தார். மாடிப்படியில் விழுந்தார், ஓடும் லாரியிலிருந்து விழுந்தார். குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்களே, அவர் விஷயத்தில் மீசையே ஒட்டு மீசை. விழுந்து எழுந்ததும் முதலில் மீசையைத்தான் தேடுவார். பிறகு ஒரு கதாநாயகன் படப்பிடிப்புக்கு வராமல் போக, இயக்குநர் இவரை நிற்கவைத்தார். படம் ஓடியது. ‘இரும்புக்கால்’ என்ற பட்டம் போஸ்டரில் ஏறியது. சொந்தப் பெயர் வங்கியில் மட்டும் தங்கியது. கதாநாயகன் ஆன பிறகும் விழுவது நிற்கவில்லை. கதாநாயகன் அடி வாங்கினால்தான் இடைவேளை விட முடியும். வட்டியும் முதலுமாக அவன் திருப்பிக் கொடுப்பது அதற்குப் பிறகுதான்.

இதெல்லாம் போகட்டும். பெல்ட் ஒரு துணிதானே, கொண்டுபோய்க் கட்டிக்கொள்ளட்டும் என்று அவர் விட்டிருப்பார். விட முடியாத காரணம் பதினாறு வயதில் பக்கத்து அறையில் தலை துவட்டிக்கொண்டிருந்தது. மகள் இளையோர் தேசிய அணிக்குத் தேர்வாகியிருந்தாள். இரண்டு மாதத்தில் வெளிநாட்டில் போட்டி. சம்மேளனத்தின் ஏழாவது விதிப்படி, வீராங்கனையின் பயிற்சியாளருக்குச் செல்லுபடியாகும் கருப்பு பெல்ட் இருக்க வேண்டும். இல்லையென்றால் அவள் பழகிய வருடங்கள் பழகாத வருடங்களாகக் கருதப்படும். நாலு வயதிலிருந்து அவளுக்கு மொட்டைமாடியில் சொல்லிக் கொடுத்தவர் இவர்தான். இவர் பெல்ட் போனால் அவள் விமானமும் போச்சு.

மொட்டைமாடியில் அவர்களுக்குள் ஒரு விளையாட்டு இருந்தது. பாடம் முடிந்ததும் குழந்தை முஷ்டியை ஓங்கி, “ஒண்ணு, ரெண்டு, விழுப்பா!” என்று கத்தும். மூன்று என்கிற இடத்தில் இரும்புக்கால் தூக்கியெறியப்பட்டுத் தண்ணீர்த் தொட்டியில் மோதி விழுவார். அது கைதட்டும். கொஞ்சம் எழுதத் தெரிந்ததும், அப்பா படங்களில் விழுந்த விழுதல்களையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி மதிப்பெண் போட்டது.

மகள் கடிதத்தை வாங்கிப் படித்தாள். “விட்டுருங்கப்பா. பெல்ட்ல என்ன இருக்கு?” என்றாள்.

குழந்தைக்குத்தான் அப்பா மேல் எவ்வளவு பாசம் என்று அவருக்குக் கண் நிறைந்தது. “உன் மாமாதானே அங்க செயலாளர். நான் பாத்துக்கறேன்,” என்றார்.

சம்மேளனம் ஒரு விளையாட்டரங்கத்தின் படிக்கட்டுக்கு அடியில் இயங்கியது. கூரை சரிவாக இருந்ததால் பதவிக்கு ஏற்ப உயரம் கிடைத்தது: தலைவர் நிமிர்ந்து உட்காரலாம், செயலாளர் சற்றுக் குனிய வேண்டும், பதிவேடு எழுதும் எழுத்தர் வருடம் முழுக்கக் கழுத்தை மடித்துக்கொண்டே எழுதினார். இரும்புக்காலைப் பார்த்ததும் எழுத்தர் துள்ளி எழுந்து கூரையில் இடித்துக்கொண்டார்.

“சார், நான் உங்க ரசிகன் சார். உங்க தோல்வி அத்தனையும் என் கையெழுத்துலதான் ஏத்தியிருக்கேன்,” என்றார் பெருமையுடன்.

பட்டியலைக் காட்டினார். அதன் பின்னால் ஆதாரம் என்று ஒரு நகல் கட்டு இருந்தது. இரும்புக்கால் முதல் பக்கத்தைப் புரட்டினார். கோணல்மாணலான எழுத்து. ‘அப்பா படிக்கட்டுல விழுந்தார். பத்துக்குப் பத்து.’ பக்கத்தில் ஒரு நட்சத்திரம். ‘அப்பா மீன் கடைல விழுந்தார். பத்துக்கு ஒம்பது. கண்ணைத் திறந்துட்டார்.’

“இது என் பொண்ணோட நோட்டாச்சே!”

சரிவுக்கூரையின் நடுப்பகுதியிலிருந்து மச்சான் குனிந்தபடியே வந்தார். “வா மாப்ளே. தங்கச்சிகிட்ட நான்தான் கேட்டு வாங்கினேன், உனக்கு ஒரு பாராட்டுக் கண்காட்சி வைக்கலாம்னு. தலைவர் கண்ணுல பட்டுருச்சு. பட்டா விடுவாரா? நான் என்ன பண்றது, சொல்லு.”

“படத்துல விழறது நடிப்புன்னு அவருக்குச் சொல்லக் கூடாதா மச்சான்?”

“சொன்னேனே. ஃபாரத்துல அந்தக் கட்டம் இல்லையே.”

உண்மைதான். சம்மேளனத்தின் படிவத்தில் வெற்றி, தோல்வி, வரவில்லை என்று மூன்றே கட்டங்கள். நடிப்பு என்று நாலாவதாக ஒன்று போடக் கூடாதா என்று இரும்புக்கால் கேட்டார். எழுத்தர் அதை ஒரு கோரிக்கையாக எழுதிக்கொண்டார். அச்சடித்த படிவம் தீர்ந்தால்தான் புதுசு வரும் என்றும், அது எப்போது தீரும் என்பது ஜனங்கள் எவ்வளவு வேகமாகத் தோற்கிறார்கள் என்பதைப் பொறுத்தது என்றும் விளக்கினார்.

“அப்ப நான் ஜெயிச்சதையும் எழுதுங்க. இருநூத்திப் பதினாலு தடவை விழுந்தேன்னா, ரெண்டாயிரம் பேரையாவது சாய்ச்சிருப்பேன்.”

“வெற்றின்னா எதிராளியோட உறுப்பினர் எண் வேணும் சார். நீங்க அடிச்சவங்கள்ல யாராவது நம்ம உறுப்பினரா?”

“கடத்தல்காரங்க எங்கே போய் உறுப்பினர் ஆவாங்க? சரி, என்னை அடிச்சவன் மட்டும் உறுப்பினரா?”

“தோல்விக்கு எதிராளி தேவையில்லை சார். விதி பன்னிரண்டு. தோத்தவர் மட்டும் இருந்தா போதும்.”

மச்சான் அவர் தோளில் கை போட்டு வாசல்வரை வந்தார். “நான் இருக்கேன்ல மாப்ளே. ஒரு விசாரணைக்குழு போட வெச்சு, உன் படத்தையெல்லாம் பாக்க வெச்சுடறேன். நீ ஜெயிக்கறதை அவங்களே கண்ணால பாக்கட்டும்.” கூடப் பிறந்தவன்கூட இப்படிச் செய்ய மாட்டான் என்று இரும்புக்கால் வீட்டில் வந்து சொன்னார். மனைவி மடித்த துணியையே பிரித்து மறுபடி மடித்தாள்.

குழுவில் மூன்று பேர். தலைவர் முன்பு சிமெண்ட் வியாபாரிகள் சங்கத்தில் இருந்தவர்; தேர்தல் நடந்தது யாருக்கும் தெரியாததால் போட்டியின்றித் தேர்வானவர். வாழ்நாளில் விரிப்பில் கால் வைத்ததில்லை. ஆனாலும் ஏழாம் நிலை கௌரவக் கருப்பு பெல்ட் வைத்திருந்தார். தகுதியானவருக்கு அதைத் தரும் அதிகாரம் தலைவருக்கு இருந்தது, அவர் கண்ணில் பட்ட தகுதியானவர் அவர்தான். இரண்டாமவர் மருத்துவ உறுப்பினர், பல் டாக்டர். மூன்றாமவர் பார்வையாளர் என்ற பொறுப்பில் வந்ததால் பார்த்ததோடு சரி.

குழுவின் அலுவல் நேரம் மூன்று மணி முதல் நாலரை வரை. பதினோரு நாட்கள், பதினோரு படங்கள். ஒவ்வொரு நாளும் இரும்புக்கால் அவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு நாளும் சரியாக நாலரைக்கு, அவர் மழையில் ரத்தம் வழியக் கவிழ்ந்து கிடக்கும்போது, விளக்கைப் போட்டுவிட்டு எழுந்து போனார்கள். ஆறாவது நாள் பல் டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “பாவங்க இவரு. ஒரு படத்துலகூட எழுந்திரிக்கவே இல்லையே,” என்றார்.

பதினோராம் நாள் இரும்புக்கால் தலைவரின் வழியை மறித்தார். “ஐயா, இன்னும் பத்து நிமிஷம் உக்காருங்க. நான் எழுந்திருச்சிருவேன்.”

தலைவர் அவரை இரக்கத்துடன் பார்த்தார். “தோத்தவங்க எல்லாரும் இதைத்தான் தம்பி சொல்றாங்க.”

மறுநாள் தீர்ப்புரை. தலைவர் நிமிர்ந்து உட்காரக்கூடிய ஒரே இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து பேசினார்:

“யானைக்கும் அடி சறுக்கும். ஒத்துக்கறேன். ஆனா இருநூத்திப் பதினாலு தடவை சறுக்குச்சுன்னா, அது யானைதானான்னு பாக்க வேண்டிய பொறுப்பு நமக்கு இருக்கு. படங்களோட கடைசியில இவர் ஜெயிக்கறதா ஒரு வதந்தி இருக்கு. குழு வதந்தியை நம்பாது. ஒரு படத்துல நாப்பது பேரை அடிச்சாராம். நாப்பது பேர்னா நாப்பது ஆட்டம். ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ரெண்டு நிமிஷ ஓய்வு கொடுத்தாரா? கொடுக்கலை. ஆக, செல்லாது. எனக்கு இந்தக் கலையைப் பத்தி ஒண்ணும் தெரியாது. தெரியாததனாலதான் நான் பாரபட்சம் இல்லாம பேசறேன். தெரிஞ்சவங்க கையில கொடுத்திருந்தா இந்தச் சம்மேளனம் என்னிக்கோ நாசமாப் போயிருக்கும்!”

எல்லோரும் கைதட்டினார்கள். தீர்ப்பில் ஒரு சலுகை இருந்தது, மச்சான் வாதாடி வாங்கியது: இரும்புக்கால் மறுபடி வெள்ளை பெல்ட்டிலிருந்து தேர்வு எழுதிப் பெல்ட்டைக் காப்பாற்றிக்கொள்ளலாம்.

“எதுக்குப்பா இதெல்லாம்? விட்டுருங்களேன்,” என்றாள் மகள். இம்முறை அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். போட்டி பயம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் அவர் எட்டு வயதுப் பிள்ளைகள் இருபத்திரண்டு பேரோடு வரிசையில் நின்றார். உயர வரிசை என்பதால் கடைசி. பக்கத்தில் பல் விழுந்த ஒரு சிறுமி, “அங்கிள், நீங்க எத்தனாவது தடவையா ஃபெயில்?” என்று அன்போடு விசாரித்தாள். வணக்கம் வைப்பது, நிற்பது, திரும்புவது எல்லாம் சரியாகத்தான் போயின. கடைசியாக ஒரு குத்து. உதவியாளர் ஒருவர் மார்புக்கு முன்னால் பஞ்சுத் திண்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதில் பலமாக ஒரே ஒரு குத்து குத்தினால் போதும்.

இரும்புக்கால் மூச்சை இழுத்துக் குத்தினார். முஷ்டி திண்டுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

இருபத்தாறு வருடப் பழக்கம். இந்தக் கை ஆயிரம் முகங்களை நோக்கிப் போயிருக்கிறது, ஒரு முகத்தையும் தொட்டதில்லை. சக கலைஞர்கள் அதனால்தான் அவரை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார்கள். அவர் மறுபடி ஓங்கினார். மறுபடி ஒரு சாண். மூன்றாம் முறை பல்லைக் கடித்துக்கொண்டு, மகளின் விமானத்தை நினைத்துக் குத்தினார். அவர் படம் ஒன்றையும் விடாத உதவியாளர் பொறுக்க முடியாமல், திண்டோடு பின்பக்கமாகப் பறந்து போய் நாற்காலி வரிசையில் விழுந்தார். பிள்ளைகள் விசில் அடித்தார்கள்.

‘தொடவில்லை. உதவியாளர் தானாகத் தவறி விழுந்தார். தேர்ச்சி இல்லை,’ என்று தேர்வாளர் எழுதினார்.

அன்று இரும்புக்கால் வீட்டுக்கு வந்து மொட்டைமாடிச் சுவர் முன்னால் நின்று குத்திக் குத்திப் பார்த்தார். சுவரைக்கூட அவரால் தொட முடியவில்லை. அவமானத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. தன்னால் மகளின் வாழ்க்கை நின்றுவிடப் போகிறதே என்று அழுதேவிட்டார். மச்சானைத் தொலைபேசியில் பிடித்தார். “என் பெல்ட்டை எடுத்துக்கோங்க. பாப்பாவை மட்டும் எப்படியாவது அனுப்பிரு மச்சான். உன் காலைப் பிடிக்கறேன்.”

“அட, என்ன மாப்ளே நீ! பாப்பா போறா, அது என் பொறுப்பு. நீ ஒண்ணு பண்ணு. வழியனுப்பு விழாவுக்குச் சிறப்பு விருந்தினரா வா. உன் முகம் இருந்தாத்தான் அரங்கம் நிறையும். வரும்போது பெல்ட்டையும் எடுத்துட்டு வந்துரு.”

அரங்கம் நிறைந்தது. முன்வரிசையில் அணியின் நீலச் சட்டையில் மகள், அவள் பக்கத்தில் மனைவி. இரும்புக்கால் மேடையில் நடு நாற்காலியில் உட்கார்ந்து, நன்றியில் நனைந்திருந்தார். மச்சான் மட்டும் இல்லாவிட்டால் நம் கதி என்ன என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் தலைவர் ஒரு காகிதத்தைப் பிரித்தார்.

“இந்த வருஷத்தின் சிறந்த பயிற்சியாளர் விருது நம்ம செயலாளருக்கு. நாலு வயசுலேர்ந்து ஒரு பொண்ணை, தன் வீட்டு மொட்டைமாடியில வெச்சு, யாருக்கும் தெரியாம உருவாக்கியிருக்கார். ஒரு பயிற்சியாளருக்கு இருக்க வேண்டிய அடக்கம் எவ்வளவுன்னா, அந்தப் பொண்ணோட அப்பாவுக்கே தெரியாது! வீராங்கனை கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வாக்குமூலத்தைப் படிக்கறேன். ‘எனக்கு என் மாமாதான் பயிற்சியாளர். என் தந்தை எனக்குப் பயிற்சி அளித்ததில்லை. அவர் எனக்காக விழுந்து காட்டியது விளையாட்டு மட்டுமே.’ விருதைச் சிறப்பு விருந்தினர் வழங்குவார்.”

படங்களில் துரோகம் தெரிந்ததும் இரும்புக்கால் எதையாவது உடைப்பார். இங்கே கையில் தண்ணீர் பாட்டில்தான் இருந்தது; அதை மூடிக் கீழே வைத்தார். மச்சானின் வீடு மூன்றாவது மாடிக் குடியிருப்பு. அதற்கு மொட்டைமாடியே கிடையாது. மனைவி எல்லாம் தெரிந்த முகத்தோடு கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். கூட இருந்தே குழி பறிப்பது என்பார்கள். இவர்கள் அவரையும் மண்வெட்டி பிடிக்க வைத்திருக்கிறார்கள். எழுந்து போய்க் கேடயத்தைக் கொடுத்தார். புகைப்படத்துக்காக இரண்டு முறை கொடுத்தார்.

“இப்ப ஒரு விசேஷம்!” என்று மச்சான் ஒலிபெருக்கியைப் பிடித்தார். “இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால நாங்க ரெண்டு பேரும் மோதின ஃபைனலை உங்களுக்காக மறுபடி ஒரு நிமிஷம் ஆடிக் காட்டப் போறோம். முடிவு மட்டும் கொஞ்சம் மாறும்!”

அரங்கம் சிரித்தது. இரும்புக்கால் கொண்டுவந்திருந்த கருப்பு பெல்ட்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். விரிப்பில் இருவரும் எதிரெதிரே குனிந்து வணங்கினார்கள்.

“எப்போ கையெழுத்து வாங்கினே?” என்றார் இரும்புக்கால், உதடு அசையாமல்.

“உனக்கு லெட்டர் போட்ட அன்னிக்கே. கோவிச்சுக்காதே மாப்ளே. உனக்குப் போஸ்டர் இருக்கு, பட்டம் இருக்கு. எனக்கு அந்தப் படிக்கட்டு அடிதானே இருக்கு? குத்துவேன், அழகா விழுந்துரு. பாப்பா நாளைக்குப் ப்ளேன் ஏறணும்.”

ஆக, அவர் எட்டு வயதுப் பிள்ளைகளோடு வரிசையில் நின்றபோதே மகளுக்குத் தெரியும். ‘விட்டுருங்கப்பா’ என்றது இதனால்தான்.

மச்சான் ஓங்கிக் குத்தினார். பழக்கம் இல்லாத கை. ஒரு சாண் அல்ல, இரண்டு சாண் முன்னாலேயே நின்றுவிட்டது. அரங்கம் மூச்சைப் பிடித்தது. இரும்புக்கால் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. சும்மா நின்றால் போதும். காற்றில் கையை நீட்டிக்கொண்டு நிற்கும் சிறந்த பயிற்சியாளரை ஆயிரம் பேர் பார்த்துவிடுவார்கள். அவர் நிற்கத்தான் முடிவு செய்தார். நின்றுகொண்டே முன்வரிசையைப் பார்த்தார்.

மகள் நாற்காலியின் விளிம்புக்கு வந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. உதடு மட்டும் அசைந்தது. சத்தம் வரவில்லை, ஆனாலும் அவருக்குக் கேட்டது. ஒண்ணு, ரெண்டு, விழுப்பா.

இரும்புக்காலின் கழுத்து திரும்பியது. கால்கள் தரையை விட்டன. உடம்பு ஒரு முழுச் சுற்றுச் சுற்றி விரிப்பைத் தாண்டிப் போய், கேடயம் வைத்திருந்த மேசையைச் சாய்த்துக்கொண்டு தரையில் மோதிச் சறுக்கி நின்றது. கண்ணை அவர் திறக்கவில்லை. அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. முதலில் தட்டியது எந்தக் கை என்று கண்ணைத் திறக்காமலே அவருக்குத் தெரிந்தது.

கூட்டம் மேடைக்குப் போன பிறகு எழுத்தர் கழுத்தைச் சாய்த்தபடி ஓடி வந்து அவரை எழுப்பி உட்காரவைத்தார். கையில் மை வாசனை போகாத ஒரு படிவம்.

“சார், நல்ல சேதி. புது ஃபாரம் இன்னிக்குக் காலையிலதான் அச்சாகி வந்துச்சு. நீங்க கேட்ட மாதிரியே நாலாவது கட்டம் போட்டாச்சு, பாருங்க. ‘நடிப்பு’. முதல் பதிவே உங்களுதுதான். எதிராளி இடத்துல செயலாளர் பேரைப் போட்டுடறேன், சரிங்களா?”

மேடையில் மகள் மாமாவுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தாள். மனைவி அவள் சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

“எதிராளியைக் காலியா விடுங்க,” என்றார் இரும்புக்கால். “தோல்விக்கு எதிராளி தேவையில்லைன்னு உங்க விதியே சொல்லுதே.”

“அய்யோ, இது தோல்வி இல்லையே சார்! அதான் நடிப்புக் கட்டம் வந்துருச்சே. அவர் கை உங்க மேல படவே இல்லை, நான் பாத்தேன்.”

இரும்புக்கால் இடுப்பிலிருந்த கருப்பு பெல்ட்டை அவிழ்த்து, நாலாக மடித்து, படிவத்தின் மேல் வைத்தார்.

“தோல்வின்னே எழுதுங்க,” என்றார்.